மதுரைப் பக்கம் நிலத்தோற்ற வடிவமைப்பைத் தனித் தொழிலாகச் செய்ய முடியுமா? ஆலோசனை வேண்டும்

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டம் முடித்து, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்து, மதுரையில் ஓர் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். கட்டடத்தை விட அது நிற்கும் நிலத்தின் மீதுதான் என் மனம் செல்கிறது என்பதைக் கடந்த இரண்டு ஆண்டுகளில் உணர்ந்துகொண்டேன். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று நாம் ஆங்கிலத்தில் சொல்லும் நிலத்தோற்ற வடிவமைப்புத் துறைக்கு முழுமையாக மாறலாமா என்ற தயக்கத்தோடு இதை எழுதுகிறேன்.

தயக்கத்துக்குக் காரணம் ஒரு நிகழ்வு. விருதுநகர் சாலையில் ஒரு கல்வி வளாகத்தின் வெளிப்புறத்தை வடிவமைக்கும் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் தரப்பட்டது. நான் முதன்முறையாக அந்த இடத்துக்குச் சென்றபோது கட்டடங்கள் முடிந்து வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. கரிசல் மண்ணின் மேலடுக்கு முழுவதும் வழித்து அள்ளப்பட்டு எங்கோ போயிருந்தது. அதற்குப் பதிலாகக் கட்டட இடிபாடும் கிராவலும் போட்டு நிரப்பி, ரோலர் ஓட்டி இறுக்கியிருந்தார்கள். பழைய வரத்துக்கால்வாய் ஒன்று வாகன நிறுத்தத்தின் அடியில் மறைந்திருந்தது. திறப்பு விழாவுக்கு ஏழு வாரங்களே இருந்தன. "செடி வையுங்கள், பச்சையாகத் தெரிய வேண்டும்" என்பது மட்டுமே எனக்குக் கிடைத்த குறிப்பு. நட்ட வேம்பிலும் புங்கிலும் பாதிக்கு மேல் அடுத்த கோடையில் காய்ந்தன. ஐப்பசி மழையில் வாகன நிறுத்தத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இரண்டுக்கும் காரணம் என் வடிவமைப்புதான் என்று முடிவு கட்டினார்கள்.

அப்போது, இது சரியா தவறா என்று கேட்க எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த அளவில் திருச்சிக்குத் தெற்கே இத்துறையில் முதுகலை படித்துத் தொழில் செய்பவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவர்களும் ஒருவரையொருவர் அறிந்ததாகத் தெரியவில்லை. முதுகலைப் பட்டம் இல்லாமல் இந்தப் பெயரில் தொழில் செய்வதைச் சட்டம் அனுமதிக்கிறதா? படித்தால் மதுரையிலேயே இருந்து வாழ்க்கை நடத்தும் அளவுக்கு வேலை கிடைக்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக, சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஒரு தொழில்முறைச் சமூகம் நம் பகுதியில் இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

புன்னைநிழல்

வணக்கம். நான் சென்னையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறேன். உங்கள் கல்வி வளாகத்தின் கதையைப் படித்தபோது ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் அது எங்களில் ஒவ்வொருவருடைய கதையும்தான் என்று தோன்றியது. அந்த மரங்கள் காய்ந்ததற்கு நீங்கள் பொறுப்பல்ல. இடிபாட்டின் மீது ரோலர் ஓட்டிய தரையில் வேர் இறங்காது, நீரும் இறங்காது.

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, பதிவு பெறாதவர்கள் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டப்பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அதே பிரிவு, 'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்', கப்பல் வடிவமைக்கும் 'நேவல் ஆர்க்கிடெக்ட்' ஆகிய இரு பெயர்களுக்கும் இந்தத் தடையிலிருந்து விலக்கு அளிக்கிறது. செடி, மரம், நிலத்தோற்றம் ஆகியவற்றோடு தொடர்புடைய திறந்தவெளிகளை வடிவமைப்பவர் என்ற ஒரே வரியில் நம் தொழில் அங்கே விளக்கப்பட்டிருக்கிறது. மண்ணைப் பற்றியோ நீரோட்டத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. நமக்கென்று தனிச் சட்டமோ தனிப் பதிவேடோ இந்தியாவில் இன்றுவரை இல்லை. ஆகவே முதுகலை இல்லாமல் நீங்கள் இப்பெயரில் தொழில் செய்வதைச் சட்டம் தடுக்காது. அதே காரணத்தால், புல்தரை விரிக்க மட்டுமே தெரிந்த ஒருவர் இப்பெயரைப் பலகையில் எழுதிக்கொள்வதையும் அது தடுக்காது. கட்டடக்கலையிலும் 2020-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், 37-ஆவது பிரிவு பட்டப்பெயரை மட்டுமே காக்கிறது, தொழில் செய்வதை அன்று என்று தெளிவுபடுத்தியிருக்கிறது. சட்டம் காக்காத இடத்தில் தொழிலின் தரத்தைக் காப்பது அத்தொழிலைச் செய்பவர்களின் கூட்டு மட்டுமே என்பதால்தான் உங்கள் மூன்றாவது கேள்வியை நான் மற்ற இரண்டையும் விட முக்கியமாகக் கருதுகிறேன்.

அந்தக் கூட்டு நம்மிடம் இருக்கிறது, ஆனால் இளையது. உலகக் கூட்டமைப்பான இஃப்லா 1948-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கப்பட்டது. டெல்லியின் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியில் நம் துறைக்கான முதுகலைப் படிப்பு 1972-இல் தொடங்கியது. இந்திய நிலத்தோற்ற வடிவமைப்பாளர் சங்கமான ஐசோலா உருவானதோ 2003-இல்தான். இஃப்லாவில் இந்தியாவின் உறுப்பினர் அமைப்பு அதுவே. அதன் சென்னைக் கிளையில் நான் உறுப்பினன். கிளைக்கூட்டங்கள் சென்னையிலேயே நடப்பதால் உங்களைப் போன்றவர்கள் வர இயலாமல் போகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இது எங்கள் பக்கத்துக் குறை.

முதுகலை படிக்கலாமா என்றால், படியுங்கள் என்பேன். பெயருக்குப் பின்னால் எழுத்துகள் சேர்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு மனையின் எல்லைக்குள் மட்டுமே சிந்திக்கப் பழகிய நம்மை, அந்த மனைக்கு மேலே எந்தக் கண்மாய் இருக்கிறது, கீழே எது இருக்கிறது, இடையில் நீர் எவ்வழியே போகிறது என்று இரண்டு ஆண்டுகள் வரைந்து வரைந்து பார்க்க வைக்கும் படிப்பு அது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியிலேயே இந்த முதுகலை இருக்கிறது. டெல்லிக்கும் அகமதாபாத்துக்கும் போயே ஆக வேண்டும் என்பதில்லை.

இறுதியாக, திறப்பு விழாவுக்கு ஏழு வாரங்களே இருக்கும்போது உங்களை அழைத்ததைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் இதே தவறு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேறு வடிவில் நடக்கிறது. கீழ்த்தள வாகன நிறுத்தத்தின் கூரைமீது தோட்டம் என்று விளம்பரம் செய்துவிட்டு, கட்டமைப்புப் பொறியாளர் கணக்கு முடித்த பிறகு எங்களை அழைப்பார்கள். மரம் நிற்க ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழ மண் தேவை. நீரில் ஊறிய மண் ஒரு கன மீட்டர் 1,800 கிலோவுக்குக் குறையாது. அந்தச் சுமையைத் தளம் தாங்காது என்பார்கள். பிறகு 30 சென்டிமீட்டர் மண்ணில் புல்லும் தொட்டியில் பனைவகையும் வைத்துத் தோட்டம் என்று பெயரிடுவோம். ஒருமுறை இப்படிச் செய்து கொடுத்து, மூன்றாம் ஆண்டில் அந்த வெறுந்தளத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, மனைத் திட்டம் வரையும் கட்டத்திலேயே அழைக்காத எந்தப் பணியையும் ஏற்பதில்லை என்று முடிவு செய்தேன். வருமானம் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்தது. ஆனால் என் சொல்லுக்கு மதிப்பு வந்தது அதன் பிறகுதான். உங்கள் ஒப்பந்தக் கடிதத்தில் இரண்டு வரிகளைக் கட்டாயம் சேருங்கள்: மேல்மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை தனியே எடுத்து மனையிலேயே குவித்து வைக்க வேண்டும், நட்ட பிறகு குறைந்தது பன்னிரண்டு மாதப் பராமரிப்பு ஒப்பந்ததாரருடைய பொறுப்பு.

நாற்றங்கால்

அம்மா, நான் கட்டடக்கலை படித்தவன் அல்லன். சிவகங்கை மாவட்டத்தில் பதினெட்டு ஆண்டுகளாக நாற்றுப்பண்ணை நடத்துகிறேன். வடிவமைப்பாளர்களின் சமூகம் என்று பேசும்போது எங்களையும் அதில் சேர்த்து எண்ண வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

உங்கள் துறையினர் அனுப்பும் பட்டியலில் நாட்டு மரங்களின் பெயர்கள் இருக்கும். நீர்மருது, இலுப்பை, மகிழம், வெப்பாலை, உலக்கைப்பாலை என்று படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கும். பட்டியல் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று வாரத்தில் எட்டு அடி உயரத்தில் இருநூறு மரம் வேண்டும் என்று கேட்பார்கள். என்னிடம் இருக்காது. ஒப்பந்ததாரர் நாற்றுப்பண்ணைகள் நிறைந்த ஆந்திராவின் கடியத்துக்கு ஆள் அனுப்பி, அங்கே லாரிக்கணக்கில் கிடைப்பதை ஏற்றி வருவார். பட்டியலில் இலுப்பை இருந்த இடத்தில் கோனோகார்ப்பஸ் என்ற அயல்நாட்டு மரம் நிற்கும். வடிவமைப்பாளர்கள் கேட்பதில்லை என்பதால் நாங்கள் வளர்ப்பதில்லை. நாங்கள் வளர்ப்பதில்லை என்பதால் அவர்கள் கேட்பதில்லை.

இலுப்பை, நாவல், வேம்பு ஆகிய மூன்றும் ஆனி, ஆடி மாதங்களில் பழுக்கும். இவற்றின் விதையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. சில வாரங்களிலேயே முளைப்புத் திறன் போய்விடும். பழம் விழுந்த சூட்டோடு பொறுக்கி விதைத்தால்தான் உண்டு. அந்த மாதத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். விதைத்ததிலிருந்து நீங்கள் கேட்கும் உயரம் வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். ஆகவே வரைபடம் தயாராகும்போதே, அல்லது ஒரு வளாகத்தின் அடித்தளம் தோண்டும்போதே, முன்பணம் கொடுத்து நாற்றை வளர்க்கச் சொல்லும் வழக்கம் வர வேண்டும். ஒரே ஒருவர் இருநூறு மரத்துக்குச் சொன்னால் எனக்குக் கட்டுப்படியாகாது. மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் பகுதியில் வேலை செய்யும் ஐந்தாறு பேர் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டாயிரம் நாற்று வேண்டும் என்று ஆனி மாதத்துக்கு முன்னால் சொன்னால், நான் மட்டுமல்ல, இந்தப் பக்கத்து எந்தப் பண்ணையும் செய்து தரும். உங்களுக்கு ஒரு சமூகம் வேண்டும் என்று கேட்டீர்கள். அது தொடங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

பெரிய மரம்தான் வேண்டும் என்ற ஆசையையும் கொஞ்சம் விட வேண்டும். சிறிய பையில் மூன்று ஆண்டு நின்ற மரத்தின் வேர் பைக்குள்ளேயே வட்டமாகச் சுருண்டிருக்கும். அதை அப்படியே நட்டால் மேலே தழைக்கும், காற்றடித்தால் சாயும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களில் பல வேர் பரவ இடமில்லாமல் நின்றவை. நான்கடி நாற்றை ஐப்பசி மழைக்கு முன்னால் நட்டால், ஐந்தாம் ஆண்டில் அது எட்டடியில் வாங்கி நட்டதை உயரத்தில் எட்டிப் பிடித்துவிடும்; இதை என் பண்ணை வேலியோரத்திலேயே காட்டுவேன்.

இன்னும் ஒன்று: பட்டியலில் தாவரவியல் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். 'கொன்றை' என்று மட்டும் எழுதினால் சரக்கொன்றையா, மஞ்சள் கொன்றையா என்று எனக்குத் தெரியாது. 'வாகை' என்றால் தூங்குமூஞ்சி வாகையை ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

வைகைக்கரை

இருவருக்கும் என் நன்றி. ஐயா, நீங்கள் சொன்ன ஆனி மாதக் கணக்கு எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரப்படவில்லை. புன்னைநிழல் ஐயா சொன்னதைப் போல் மனைத் திட்டக் கட்டத்திலேயே அழைக்கும் வாடிக்கையாளர்கள் மதுரையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற கவலை மட்டும் இருக்கிறது. அரசுப் பணிகளில் ஏதேனும் வாய்ப்பு உண்டா?

கலுங்கு

நான் உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வாய்ப்பு இருக்கிறது, ஆனால் அது நேராக உங்கள் பெயரைத் தேடி வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் சாலை நீங்கலாக 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வோமே, அதுதான். மனைப்பிரிவு வரைபவர் பெரும்பாலும் விற்க முடியாத மூலையை இதற்கு ஒதுக்குவார். அந்த மூலை பள்ளமாக இருந்தால், அந்தப் பகுதியின் மழைநீர் இயல்பாகச் சேரும் இடமும் அதுவாகவே இருக்கும். அதை மேடாக்கி, சுற்றுச்சுவர் எழுப்பி, சிமெண்ட் கல் பதித்து, உடற்பயிற்சிக் கருவி நான்கு வைத்துப் பூங்கா என்று திறந்த பணிகளில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டு, நீர் தங்கி இறங்கும்படி செய்து, விளிம்பில் நீர்மருதும் புன்னையும் வைத்திருக்கலாம் என்று சொல்ல அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் ஆள் இல்லை. இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மத்திய அரசு 2015-இல் தொடங்கிய அம்ருத் என்ற நகர மேம்பாட்டுத் திட்டத்தில் பசுமைவெளிகளுக்கென்றே தனி ஒதுக்கீடு இருந்தது. பல நகரங்களில் பூங்காக்கள் வந்தன. ஆனால் ஒப்பந்தப்புள்ளி கட்டுமான வேலையாகவே கோரப்படும். விலைவிகிதப் பட்டியலில் கல்லுக்கும் கம்பிக்கும் நுணுக்கமான இனங்கள், அதாவது விலை குறித்த உருப்படிகள், இருக்கும். மண் சீரமைப்புக்கும் மூன்றாண்டு மரப் பராமரிப்புக்கும் தேடினாலும் பொருத்தமான இனம் கிடைப்பது அரிது. பட்டியலில் இல்லாததற்குப் பணம் ஒதுக்க எந்தப் பொறியாளரும் துணிய மாட்டார். இதைத் தனியொருவர் மனு கொடுத்து மாற்ற முடியாது. உங்கள் சங்கம் மாதிரி இனங்களையும் விலை ஆய்வையும் தயாரித்து முறைப்படி அளித்தால், அதைப் பரிசீலிக்க வேண்டிய கட்டாயமாவது வரும்.

தனியார் பக்கம், 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டப்படும் கட்டடங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தில் மழைநீர், பசுமைப்பரப்பு பற்றிய திட்டங்கள் கட்டுமானம் தொடங்கும் முன்பே இடம்பெற வேண்டும். மருத்துவமனைகள், கல்லூரிகள், பெரிய குடியிருப்புகள் என்று மதுரையைச் சுற்றி அத்தகைய பணிகள் வருகின்றன. அந்த விண்ணப்பம் தயாரிக்கும் ஆலோசகர்களோடு தொடர்பு வைத்துக்கொண்டால், வெள்ளையடிப்புக்குப் பிறகு அழைக்கப்படும் நிலை ஓரளவு மாறும்.

கண்மாய்ப் பணிகளுக்கு உங்கள் துறையினர் கட்டாயம் வர வேண்டும். கரை முழுவதும் கல் பதித்து நடைபாதை போட்டுவிட்டு அழகுபடுத்தினோம் என்கிறோம். நீர் ஏறி இறங்கும் அந்தச் சாய்ந்த ஈரக்கரையில்தான் கோரையும் நாணலும் வளரும், பறவை இறங்கும், ஆடுமாடு நீர் குடிக்கும். பாசனத்துக்கு நீர் திறக்கும் மடை எது, மிகுநீர் வழியும் கலுங்கு எது, நீர்வரத்து எங்கிருந்து என்று தெரியாதவர் வரைந்த வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கண்மாய்க்கு அது தீங்குதான். ஊரில் நீர் பாய்ச்சிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரையும் முன் அவர்களிடம் கேளுங்கள்.

காவிரிமகன்

தஞ்சாவூரில் பிறந்து சிங்கப்பூரில் இத்துறையில் பணியாற்றுகிறேன். அங்கே பசுமை தானாக வளர்ந்தது என்று நம் ஊரில் பலர் எண்ணுகிறார்கள். கலுங்கு ஐயா சொன்னதைப் போல விதிகளில் இடம் பிடித்ததால்தான் அது வளர்ந்தது.

பீஷான்–அங் மோ கியோ பூங்காவை அறிந்திருப்பீர்கள். 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராக ஓடிய கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து ஓடும் ஆறாக மாற்றி, 2012-இல் திறந்தார்கள். கரைகளைச் செடிகளின் வேராலும் இயற்கைப் பொருள்களாலும் பிடித்து நிறுத்தும் முறைகளை முதலில் ஒரு சிறு பகுதியில் சோதித்துப் பார்த்த பிறகே முழு நீளத்துக்கும் செய்தார்கள். அது 2006-இல் அந்நாட்டு நீர்வாரியம் தொடங்கிய ஏபிசி வாட்டர்ஸ் திட்டத்தின் ஒரு பகுதி. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதற்கென உருவான பயிற்சி முறை. பொறியாளர், கட்டடக்கலைஞர், நிலத்தோற்ற வடிவமைப்பாளர் ஆகிய மூன்று துறையினரும் ஒரே வகுப்பில் அமர்ந்து மழைநீர் வடிவமைப்பைக் கற்று, ஒரே பதிவேட்டில் இடம்பெறுகிறார்கள். வடிகால் பொறியாளர் என் வரைபடத்தை வாசிப்பார். அவருடைய கணக்கை நான் வாசிப்பேன். மதுரையில் சங்கக் கிளை ஒன்று உருவாகுமானால், அது நம் துறையினருக்கு மட்டும் உரியதாகத் தொடங்காமல், நாற்றங்கால் ஐயாவும் ஓய்வு பெற்ற பொறியாளர்களும் அமரும் இடமாகத் தொடங்கட்டும் என்பது என் விருப்பம். கணக்கு முறைகளைப் பற்றி இணையவழியில் இரண்டு மாலைகள் வகுப்பெடுக்க நான் அணியமாக இருக்கிறேன்.

பொருநை

நான் திருநெல்வேலியில் நான்கு ஆண்டுகளாக இதே தொழிலைத் தனியாகச் செய்கிறேன். கேள்வியைப் படித்தபோது நானே எழுதியதைப் போல இருந்தது. நானும் ஒரு முறை மண் பரிசோதனை செய்யாமல் உவர்நிலத்தில் மகிழம் நட்டு இழந்திருக்கிறேன். கேட்க ஆள் இருந்திருந்தால் பூவரசோ புங்கோ வைத்திருப்பேன். நாகர்கோவிலில் ஒருவரும் இராஜபாளையத்தில் ஒருவரும் எனக்குப் பழக்கம். நாம் நால்வர் ஆகிவிட்டோம். முதல் சந்திப்பை அரங்கில் வைக்காமல் நாற்றங்கால் ஐயாவின் பண்ணையிலேயே வைத்துக்கொண்டால் என்ன?

நாற்றங்கால்

தாராளமாக வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு வசதி. மதிய உணவு நம் வீட்டில். வரும்போது அவரவர் அடுத்த இரண்டு ஆண்டுகளில் எந்தெந்த மரம் எத்தனை வேண்டும் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். ஆனி பிறப்பதற்குள் விதைக்கு ஆள் சொல்ல வேண்டும்.

புன்னைநிழல்

நானும் சென்னையிலிருந்து வருகிறேன். கிளையின் உறுப்பினர் விண்ணப்பப் படிவங்களையும், நாங்கள் பயன்படுத்தும் ஒப்பந்தக் கடிதத்தின் மாதிரியையும் எடுத்து வருவேன். வைகைக்கரை, அந்தக் கல்வி வளாகத்தின் வரைபடங்களைக் கொண்டு வாருங்கள். வாகன நிறுத்தத்தின் அடியில் இருக்கும் வரத்துக்கால்வாயை மீட்க வழி உண்டா என்று கலுங்கு ஐயாவோடு சேர்ந்து பார்ப்போம்.